வலது பக்கத்துக் கிட்டார்

‘துரு’ என்ற மெட்டல் குழுவின் ‘அடிமட்டம்’ ஆல்பத்தைப் பற்றி நான் எழுதிய விமர்சனத்தின் கடைசிப் பத்தி இது:

“இந்தக் குழுவில் கிட்டாருக்கு இரண்டு பேர் என்று உறையில் போட்டிருக்கிறார்கள். எட்டுப் பாட்டையும் பதினோரு முறை கேட்டேன். குச்சி என்கிற ஒருவர்தான் அகப்பட்டார். குச்சியின் கிட்டார் வெறும் எலும்பாக நிற்கிறது, சதையே வேண்டாம் என்று நிற்கிறது. இரண்டாமவர் என்ன செய்கிறார் என்று கண்டுபிடித்துச் சொல்பவர்களுக்கு நான் கடமைப்பட்டிருப்பேன். மேடையில் கூட்டம் காட்ட வேண்டுமென்றால் வைத்துக்கொள்ளலாம். பத்துக்கு எட்டு.”

அந்த இரண்டாமவர் என் அக்காவின் கணவர். அவர் வீட்டில்தான் நான் இருக்கிறேன். கல்லூரியை மூன்றாம் வருடத்தில் விட்ட பிறகு, ஆஸ்பத்திரித் துணிகளை வெளுக்கும் சலவை ஆலையில் பாய்லர் பார்க்கும் வேலை கிடைத்தது. இரவு பத்து முதல் காலை ஆறு வரை. வாங்கித் தந்தவரும் அவர்தான். அவர் லிஃப்ட் மெக்கானிக். அந்த ஆலையின் லிஃப்டும் அவர் பொறுப்பு.

விமர்சனம் வெளியான அன்று அக்கா அதைப் போனில் படித்துவிட்டு என் அறை வாசலில் வந்து நின்றாள்.

“அவர் சோத்தைத் தின்னுட்டு இதை எழுத உனக்குக் கை வந்துச்சா?”

“கைக்கு என்னக்கா தெரியும். காது சொன்னதை எழுதுச்சு.”

“ஒரு வார்த்தை அவர்கிட்ட கேட்டிருக்கலாம்ல.”

“எழுதறதுக்கு முன்னாடி கேட்டா அது விமர்சனம் இல்ல, சிபாரிசு.”

அந்தப் பதிலில் எனக்கு ரொம்பப் பெருமை. ‘பட்டறை’ என்ற தளத்தில் நான் எழுதுகிறேன். அங்கே என் பெயர் அரம். மூவாயிரம் பேர் படிக்கிறார்கள். அவர்கள் என்னை நம்புவதற்குக் காரணம் நான் யாரையும் விட்டதில்லை. மழைச் சத்தத்தோடும் தூரத்து மணியோசையோடும் தொடங்கும் ஆல்பத்துக்கு எடுத்த எடுப்பிலேயே அரை மதிப்பெண் குறைப்பேன். நடுவில் ஒரு காதல் பாட்டைச் செருகுகிறவன் தன் மாமியாருக்காக ஆல்பம் போடுகிறான் என்று எழுதுவேன். ஹார்ட் ராக் என்பது குடித்துவிட்டுச் சிரிக்கிற இசை, ஹெவி மெட்டல் குடிக்காமலே சுவரில் முட்டிக்கொள்கிற இசை. இரண்டையும் ஒரே ஆல்பத்தில் கலக்கிறவனுக்கு இரண்டுமே வராது. டிரம்ஸ்காரரின் தனி ஆவர்த்தனம் மற்றவர்கள் தண்ணீர் குடிப்பதற்கு. அதைப் பதிவுசெய்து ஆல்பத்தில் வேறு வைத்தால் கேட்கிறவனும் தண்ணீர் குடிக்கத்தான் போவான். இப்படி.

உறவு எப்படியோ வெளியே தெரிந்து, சொந்த மாமாவையே விடாதவன் என்று பட்டறையில் என் மதிப்பு ஏறியது. அந்தப் பத்தியை ஆளாளுக்கு எடுத்துப் பகிர்ந்தார்கள்.

மாமா என்னிடம் சாப்பிட்டாயா என்று கேட்பதை மட்டும் நிறுத்திக்கொண்டார்.

ஒரு வாரம் கழித்து, பெரிய குழு ஒன்று பதினாறு ஊர் சுற்றப் போவதாகவும், ஒவ்வொரு ஊரிலும் அதற்கு முன்னால் வாசிக்கத் துருவை எடுத்துக்கொள்வதாகவும் அதன் பயண அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. பதினோரு வருடமாக ஒரு கிடங்கின் நிலவறையில் வாசித்துக்கொண்டிருந்தவர்களுக்கு முதல் பயணம். கடிதத்தில் ஒரே ஒரு நிபந்தனை. வேனில் நாலு இருக்கைதான் ஒதுக்க முடியும், ஐந்தாவது ஆள் வந்தே ஆகவேண்டுமென்றால் காரணம் எழுதித் தரவேண்டும். அதற்குக் கீழே என் கடைசிப் பத்தியை அப்படியே ஒட்டியிருந்தார்கள். யாரை விடலாம் என்று யோசித்துக் களைக்க வேண்டாம் என்பது போல.

பெயர்களைச் சனிக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்குள் சொல்ல வேண்டும். அன்று பதினொரு மணிக்கு ஐந்து பேரும் நிலவறையில் கூடுவதென்று முடிவானது. கூடி என்ன முடிவெடுக்கப் போகிறார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். மாமா அந்த வாரம் முழுக்கத் கிட்டாரைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை.

சனிக்கிழமை காலை ஷிஃப்ட் முடிந்து பேருந்து நிலையத்தில் புதிதாக ஒரு இயர்போன் வாங்கினேன். பழையது அன்றைக்குத்தான் உயிரை விட்டது. அந்தப் பழையதைப் பற்றிச் சொல்ல வேண்டும். பாய்லர் பார்க்கிறவன் இரண்டு காதையும் அடைக்கக் கூடாது. தண்ணீர் மட்டம் இறங்கினால் அடிக்கிற மணி கேட்க வேண்டும், நீராவி கசிந்தால் அந்தச் சீறல் கேட்க வேண்டும். மேற்பார்வையாளர் நல்ல மனுஷன். இடது காது உனக்கு, வலது காது பாய்லருக்கு என்று பாகம் பிரித்துக் கொடுத்திருந்தார். வலது பக்க ஒயர் தொங்கிப் பம்பின் பெல்ட்டில் மாட்டப் பார்த்ததால் அதை பிளேடால் அறுத்து எறிந்துவிட்டேன். நாலு வருடமாக ஒற்றைக் காதுதான். பழகிப்போய் வீட்டிலும் பேருந்திலும் அதையே மாட்டிக்கொள்வேன்.

அதனால் தப்பில்லை என்றுதான் நினைத்திருந்தேன். ஒரு காது கேட்காதவர்களுக்காக, பாட்டின் இரண்டு பக்கத்தையும் கலந்து ஒரே பக்கத்தில் தரும் வசதி போனில் உண்டு. முதல் வருடமே அதைப் போட்டுவைத்திருந்தேன்.

பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரர் யாரிடமோ நிலப்பத்திரம் பற்றிக் கத்திக்கொண்டு வந்தார். புதிய இயர்போனின் இரண்டு பக்கத்தையும் காதில் செருகிக்கொண்டேன். கடைசியாகக் கேட்ட ஆல்பம் தானாகவே ஓடியது. ‘அடிமட்டம்’, ஐந்தாவது பாட்டு.

முதலில் வேறு ஏதோ பாட்டு என்று நினைத்தேன். அதே டிரம்ஸ், அதே குரல், இடது பக்கத்தில் அதே குச்சி. வலது பக்கத்தில் யாரோ ஒரு ஆள் இருந்தார்.

குச்சி மெல்லிய கம்பிகளுக்கு ஏறிப் போகும் இடத்தைப் பற்றி, “அடியில் ஒன்றுமே இல்லாத வெறுமை, அந்தரத்தில் நடக்கிற துணிச்சல்” என்று எழுதியிருந்தேன். வெறுமையெல்லாம் இல்லை. தடித்த கம்பியில் ஒரே வரியை இன்னொரு கிட்டார் திரும்பத் திரும்ப இழுத்தது. ஒவ்வொரு முறையும் தாளத்துக்கு ஒரு மயிரிழை பின்னால் வந்து விழுந்தது. அந்தப் பின்தங்கல்தான் பாட்டை ஒரு லாரி போல் கனக்க வைத்தது. இருபத்திரண்டு முறை. எண்ணினேன்.

போனின் அமைப்புகளைத் திறந்து பார்த்தேன். கலக்கும் வசதி அணைந்திருந்தது. இது இரண்டு வருடத்துக்கு முன்னால் மாற்றிய போன். புதிய போனில் அதைப் போட மறந்திருக்கிறேன்.

இரண்டு கிட்டார் இருந்தால் ஒன்றை இடது ஓரத்துக்கும் மற்றொன்றை வலது ஓரத்துக்கும் தள்ளிப் பதிவுசெய்வது இந்த இசையில் ஊரறிந்த வழக்கம். புதியவர்களுக்காக நானே பட்டறையில் அதை விளக்கிப் பாடம் எழுதியிருக்கிறேன். படம் வேறு போட்டிருக்கிறேன். இரண்டு வருடத்தில் அறுபத்தோரு ஆல்பம். அறுபத்தொன்றிலும் பாதியைக் கேட்டுவிட்டு முழுசுக்கும் தீர்ப்பு எழுதியிருக்கிறேன். ஒரு குழுவை, பாட்டின் நடுவில் அரை நிமிடம் கிட்டாரையே நிறுத்திவைக்கும் தைரியத்துக்காகப் பாராட்டினேன். இப்போது அதைப் போட்டுப் பார்த்தேன். அந்த அரை நிமிடமும் வலது பக்கத்தில் ஒருவன் விரல் தெறிக்க வாசித்துக்கொண்டிருந்தான்.

‘அடிமட்டம்’ விமர்சனத்தின் கீழே ஒரே ஒருவர் கேட்டிருந்தார்: “எனக்கு ரெண்டு கிட்டார் கேக்குதே?” நான் எழுதிய பதிலும் அங்கேயே இருந்தது: “காதைச் சுத்தம் செய்துவிட்டு வரவும்.” அதற்கு எழுபது பேர் சிரித்திருந்தார்கள்.

மாமாவைக் கூப்பிட்டேன். போன் அணைந்திருந்தது.

வீட்டுக்குப் போனபோது மணி ஏழே முக்கால். அக்கா கண்ணாடி முன்னால் நின்று தலை சீவிக்கொண்டிருந்தாள். பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பு வேலை, எட்டரைக்குக் கிளம்ப வேண்டும்.

“மாமா எங்கே?”

“எங்கேயோ லிஃப்ட் நடு மாடியில நின்னுருச்சாம். அஞ்சு மணிக்கே போயிட்டாரு. அங்கேருந்து நேரா அவங்க கூட்டத்துக்குப் போறாராம்.” சீப்பிலிருந்த முடியைச் சுருட்டினாள். “கிட்டாரையும் எடுத்துட்டுப் போனாரு. எதுக்குன்னு கேட்டேன். குழுவோட கிட்டார் அது, திருப்பிக் குடுக்கணும்னாரு.”

நான் கட்டிலில் உட்கார்ந்தேன்.

“என்னடா, மூஞ்சி செத்துப்போயிருக்கு. பாய்லர் ஏதாவது ஆச்சா?”

“இல்லக்கா. தூக்கம்.”

சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நான் வாயைத் திறக்காவிட்டால் இது யாருக்கும் தெரியப்போவதில்லை என்ற எண்ணம் அப்போது முழுசாக வந்து பக்கத்தில் உட்கார்ந்திருந்தது. மூவாயிரம் பேரில் ஒருவர்தான் சந்தேகப்பட்டார், அவரையும் வாயடைத்தாகிவிட்டது. மாமா நாலைந்து மாதம் முகத்தைத் தூக்கிவைத்திருப்பார், பிறகு சரியாகிவிடும். லிஃப்ட் வேலை இருக்கிறது. நான் பட்டறையில் அரமாகவே இருக்கலாம். கல்லூரியை விட்டவன், ராத்திரி பாய்லர் பார்க்கிறவன், அக்கா வீட்டில் ஒண்டிக்கொண்டிருப்பவன் என்பதைத் தவிர என்னிடம் இருந்த ஒரே விலாசம் அது.

அக்கா போன பிறகு ஆல்பத்தை முதலிலிருந்து போட்டேன். இரண்டு காதிலும். மூன்று முறை.

அதில் இன்னொரு தலைவலி வந்தது. ஆறு பாட்டில் மாமாவை எடுத்துவிட்டால் பாட்டே கிடையாது, குச்சிதான் அலங்காரம். அதில் சந்தேகமில்லை. ஆனால் மூன்றாவது பாட்டை நான் முன்னே கேட்டபோது, இடிந்த வீட்டுக்குள் ஒருவன் தனியாக நடந்து போவது போல் பயமாக இருந்தது. இப்போது அவன் பக்கத்திலேயே இன்னொருவனும் நடந்தான். துணைக்கு ஆள் வந்ததும் பயம் போய்விட்டது. ஏழாவது பாட்டிலும் அதே கதை. அந்த இரண்டிலும் மாமா வாசித்தது வெறும் கூட்டம். தெரியாமல் எழுதியது அந்த இரண்டு பாட்டுக்கு மட்டும் சரியாக இருந்து தொலைத்தது.

பத்தேகாலுக்குச் சட்டை மாற்றாமலே கிளம்பினேன்.

துருவின் நிலவறை ஒரு டைல்ஸ் கிடங்கின் அடியில் இருந்தது. படியிறங்கும்போதே சிமெண்டுத் தூசியும் சூடான ஆம்ப்ளிஃபயர் வாசனையும் வரும். சுவரெல்லாம் பழைய மெத்தைகளை அடித்திருந்தார்கள். மணி பதினொன்று பத்து. நாலு பேர் இருந்தார்கள், மாமா இல்லை. பாடுபவரான மேஸ்திரி ஒரு ஸ்பீக்கர் பெட்டிமேல் உட்கார்ந்திருந்தார். கட்டட மேஸ்திரியாக இருந்து ஒப்பந்தக்காரராக உயர்ந்தவர். குழுவை அவரும் மாமாவும் சேர்ந்துதான் ஆரம்பித்தார்கள். டிரம்ஸுக்குப் பின்னால் அவருடைய தம்பி. குச்சி தரையில் உட்கார்ந்து கம்பி மாற்றிக்கொண்டிருந்தான், உண்மையிலேயே குச்சிதான். பேஸ் வாசிக்கும் பெண் சுவரில் சாய்ந்து நின்றிருந்தாள். அவள் அச்சகத்தில் மெஷின் ஓட்டுபவள், எல்லோரும் அச்சு என்றுதான் கூப்பிடுவார்கள்.

“வாங்க அரம்,” என்றார் மேஸ்திரி. “யாரை அறுக்க வந்திருக்கீங்க?”

“மாமா எங்கே?”

“வருவான். லிஃப்ட்டுக்குள்ள ஒரு குடும்பமே மாட்டிக்கிச்சாம். நீ என்ன இந்தப் பக்கம், ஒம்பது மார்க்காக்கப் போறியா?”

“நான் எழுதினது தப்பு.”

தம்பி டிரம்ஸ் குச்சியைச் சுழற்றுவதை நிறுத்தினார். நான் நின்றுகொண்டே சொன்னேன். பாய்லர், அறுத்த ஒயர், புதுப் போன், எல்லாம். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. சொல்லி முடித்ததும் தம்பி சிரிக்க ஆரம்பித்தார்.

“ரெண்டு வருஷம். அரை இட்டிலியைத் தின்னுட்டு ஓட்டலுக்கே மார்க் போட்டிருக்கான்.”

அவரே தொடர்ந்தார். “அதே விமர்சனத்துல என் டிரம்ஸை ‘ஒருபக்கம் சாஞ்ச கட்டில்’னு எழுதினது நீதானே?”

“அதுவும் நான்தான்.”

“எந்தப் பக்கம் சாஞ்சதுன்னு இப்பத்தான் தெரியுது.”

மேஸ்திரி சிரிக்கவில்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

“சரி, தப்பு. ஒத்துக்கிட்டே. பெரிய மனசு. ஆனா மூவாயிரம் பேர் படிச்சாங்க. எவனாவது தப்புன்னு சொன்னானா? பயண ஆபீஸ்ல படிச்சாங்க, அவங்க சொன்னாங்களா? அப்போ அவன் இல்லாட்டியும் ஊருக்கு வித்தியாசம் தெரியலைன்னுதானே அர்த்தம்.”

“அவங்க என்னை நம்பிப் படிச்சாங்க. பாட்டைக் கேட்டுட்டுச் சொல்லல.”

“அதுக்கு நான் என்ன பண்ண முடியும்? நாப்பது நிமிஷத்துல பேர் சொல்லணும்.”

அச்சு சுவரிலிருந்து முதுகை எடுத்தாள். “மேஸ்திரி, ஒண்ணு கேக்கவா? பாட்டைக் கலக்கும்போது அஞ்சு நாளும் பதிவுக்காரர் பக்கத்துல உக்காந்திருந்தது நீங்கதானே. இவன் மாமாவை வலது பக்கம் தள்ளச் சொன்னதே நீங்கதானே.”

“ஆமா.”

“அப்போ இவன் எழுதினதைப் படிச்ச நிமிஷமே தப்புன்னு உங்களுக்குத் தெரியும்.”

மேஸ்திரி பெட்டியிலிருந்து இறங்கினார். மூச்சை இழுத்து விட்டார்.

“தெரியும்.”

“சொல்லவே இல்லையே.”

“நாலு சீட்டு. பாடறவன் இல்லாம போக முடியுமா? டிரம்ஸ் இல்லாம? ரெண்டு கிட்டார்ல ஒண்ணுதான் நிக்கணும். அதை நான் என் வாயால சொன்னா பதினோரு வருஷத்தை வெட்டினேன்னு ஆகும். இவன் சொன்னா விமர்சனம்.” என் பக்கம் கையைக் காட்டினார். “கும்பிடப் போன சாமி குறுக்க வந்த மாதிரி வந்தான். விட்டுட்டேன்.”

அப்போதுதான் படிக்கட்டைப் பார்த்தேன். மாமா கடைசிப் படியில் நின்றுகொண்டிருந்தார். முழங்கை வரை கிரீஸ். தோளில் கிட்டார் பை. எவ்வளவு நேரமாக நிற்கிறார் என்று தெரியவில்லை.

மேஸ்திரியும் பார்த்துவிட்டார். “வா. உள்ள வா.”

மாமா வந்து பையைத் தரையில் வைத்தார். ஒரு கந்தலை எடுத்து விரல் விரலாகத் துடைத்தார். மேஸ்திரியை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

“மாப்ள. இப்போ ரெண்டு காதாலயும் கேட்டியா?”

“கேட்டேன் மாமா.”

“எத்தனை தடவை?”

“மூணு.”

“சொல்லு.”

எல்லாப் பாட்டிலும் நீங்கள்தான் என்று சொல்லிவிட்டால் வேலை முடிந்துவிடும், அதைத்தான் அந்த அறை எதிர்பார்த்தது. பதினோரு நாள் அவர் தலையைக் குனியவைத்தவன் நான், அந்த ஒரு பொய்யாவது கொடுத்திருக்கலாம். ஆனால் கேட்டது அவர். சும்மா கேட்கிற ஆள் இல்லை அவர்.

“ஆறு பாட்டுல நீங்க இல்லாட்டி அது பாட்டே இல்ல. அஞ்சாவதுல நீங்க பின்னால இழுக்கற இடம், இந்த வருஷம் நான் கேட்டதுலயே அதான் கனம்.”

“மிச்சம் ரெண்டு?”

“மூணாவதும் ஏழாவதும். அதுல நீங்க வேண்டாம். நீங்க வாசிச்சதால அது கெட்டுப்போச்சு.”

மேஸ்திரி கையைத் தட்டினார். “பாத்தியா. ரெண்டு காதையும் வச்சுக்கிட்டும் அதேதான் சொல்றான்.”

மாமா கந்தலை மடித்துப் பையில் வைத்தார். அவர் முகத்தில் கோபம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. குச்சியின் பக்கம் திரும்பினார்.

“குச்சி, பதிவுக்கு முந்தின நாள் நான் என்ன சொன்னேன்?”

குச்சி கம்பியை முறுக்கிக்கொண்டே, தலையைத் தூக்காமல் சொன்னான். “மூணுலயும் ஏழுலயும் நான் வாசிக்கல, உன்னோடது மட்டும் தனியாப் போகட்டும்னு சொன்னீங்க.”

“வாசிச்சே ஆகணும்னு சொன்னது யாரு?”

குச்சி மேஸ்திரியின் பக்கம் கண்ணை ஓட்டினான். தம்பிகூட அண்ணனைத்தான் பார்த்தார்.

“அது வேற பேச்சு,” என்றார் மேஸ்திரி. “பாட்டு நிறைஞ்சு இருக்கணும்னு சொன்னேன். இப்போ சீட்டைப் பத்திப் பேசறோம். பதினொண்ணு நாப்பது.”

“சீட்டைப் பத்தியே பேசலாம்,” என்றான் குச்சி. அவன் தானாகப் பேசியதே அதிசயம். “மூணு நாளா நாலு பேரா வாசிச்சுப் பாக்கறோம்ல. அஞ்சாவது பாட்டு ஒரு நாளாவது நின்னுச்சா? நான் மேல ஏறினா அடியில யாரும் இல்ல. பாதியில பாட்டு கீழ உக்காந்துருது. உங்க எல்லாருக்கும் அது கேக்குது. ஒருத்தரும் வாயைத் திறக்கல.”

“நீ திறந்திருக்கலாமே,” என்றாள் அச்சு.

“எலும்புன்னு எழுதிட்டான்ல.” குச்சி என்னைப் பார்த்தான். “முப்பத்திரண்டு வயசுல முதல் தடவையா ஒருத்தன் என்னைப் பத்தி நல்லதா எழுதறான். அது தப்புன்னு நானே எப்படிச் சொல்றது? தினமும் படிச்சுட்டுத்தான் படுத்தேன்.”

எனக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. ஒரு பத்தியை வைத்து ஒருவரைத் தள்ளினேன் என்றுதான் நினைத்திருந்தேன். இன்னொருவனை அந்தரத்தில் ஏற்றி ஏணியை எடுத்திருக்கிறேன்.

“வாசிச்சே பாத்துரலாம்,” என்றார் தம்பி. “அஞ்சாவது. முதல்ல நாலு பேர்.”

மேஸ்திரி வேண்டாம் என்று சொல்லவில்லை. சொல்ல முடியாது. தம்பி நாலு எண்ணினார்.

முதல் இரண்டு நிமிடம் கட்டாகத்தான் போனது. குச்சி மேலே ஏறினான். நான் அச்சின் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் கீழே தாங்கப் பார்த்தாள், வேகம் கூடியது. தம்பி அதை இழுத்துப் பிடிக்கப் பார்த்தார். குச்சி அவர்கள் இருவருக்கும் நடுவில் மாட்டி ஒரு சுரத்தை விட்டான், அடுத்ததையும் விட்டான். மேஸ்திரி பாட வேண்டிய இடம் வந்து, யாரும் அங்கே இல்லாமல் கடந்து போனது. அவரே கையைத் தூக்கி நிறுத்தினார்.

மாமா குனிந்து பையின் ஜிப்பைத் திறந்தார். கிட்டாரை மாட்டினார், ஒயரைச் செருகினார், கிரீஸ் கையைப் பேண்ட்டில் இன்னொரு முறை தேய்த்தார். மறுபடி எண்ணினார்கள்.

இருபத்திரண்டு முறை. மெத்தைகளிலிருந்து தூசி உதிர்ந்தது. பத்தாவது முறைக்குமேல் குச்சி கண்ணை மூடிக்கொண்டான். விழுவோம் என்ற பயம் அவன் தோளிலிருந்து போய்விட்டது தெரிந்தது. மேஸ்திரி தன் இடத்தில் சரியாக வந்து பாடினார். நன்றாகவே பாடினார். அந்த மனுஷன்மேல் எனக்கு எவ்வளவு எரிச்சல் இருந்தாலும் அதைச் சொல்லியாக வேண்டும்.

பாட்டு முடிந்து, ஆம்ப்ளிஃபயரின் இரைச்சல் அடங்குவதற்குள் மேஸ்திரியின் போன் அடித்தது. பதினொன்று ஐம்பத்திரண்டு. பயண அலுவலகம். காது இரைந்ததால் ஸ்பீக்கரில் போட்டார்.

“பேர் சொல்றீங்களா சார்? நான் ஃபார்ம் முடிச்சிடணும்,” என்றது ஒரு பெண் குரல். களைத்த குரல், காலையிலிருந்து இதே கேள்வியைப் பலரிடம் கேட்ட குரல்.

மேஸ்திரி சொன்னார். தன் பெயர். தம்பியின் பெயர். அச்சின் பெயர். குச்சியின் பெயர். ஒவ்வொன்றுக்கும் அவள் எழுத்துக் கேட்டாள், இவர் எழுத்துக் கூட்டினார். நாலாவது முடிந்ததும் நிறுத்தினார்.

“அவ்வளவுதானே சார், நாலு?”

அவர் மாமாவைப் பார்த்தார். மாமா கிட்டாரைக் கழற்றவில்லை. கெஞ்சவும் இல்லை, முறைக்கவும் இல்லை. பழுதுபார்த்த லிஃப்ட் மேலே வருகிறதா என்று பார்ப்பவர் போல் நின்றிருந்தார்.

“அஞ்சு,” என்றார் மேஸ்திரி. மாமாவின் பெயரைச் சொன்னார்.

“சார், வேன்ல நாலு சீட்தான். அஞ்சாவது ஆள் வரணும்னா சாமான் லாரியிலதான் வரணும். பதினாறு ஊரும். பரவாயில்லையா?”

“பரவாயில்ல. அவன்...”

“மேஸ்திரி லாரியில வருவாரு,” என்றார் மாமா, போன் பக்கம் குனிந்து. “அப்படியே எழுதிக்குங்க.”

தம்பி இருமினார். மேஸ்திரியின் கழுத்து சிவந்தது. வாயைத் திறந்தார், சுற்றியிருந்த முகங்களைப் பார்த்தார், மூடிக்கொண்டார்.

“சார்? அப்படியே எழுதட்டுமா?”

“எழுதுங்க,” என்றார் மேஸ்திரி.

விசைப்பலகை தட்டும் சத்தம் கேட்டது. “அஞ்சாவது ஆளுக்குக் காரணம்னு ஒரு கட்டம் இருக்கு. ரெண்டு வரிக்குள்ள சொல்லுங்க.”

மாமா போனை மேஸ்திரியின் கையிலிருந்து வாங்கி என்னிடம் நீட்டினார். “இவன் சொல்லுவான்.”

நான் வாங்கிக்கொண்டேன். “வணக்கம். நீங்க ஒரு விமர்சனத்தைக் கடிதத்துல ஒட்டியிருந்தீங்க.”

“ஆமா சார், நாந்தான் ஒட்டினேன். நல்லா எழுதியிருந்தாரு.”

“அதை எழுதினது நான்தான். அது தப்பு. பாட்டோட பாதியை மட்டும் கேட்டுட்டு எழுதினேன். மீதிப் பாதிதான் அந்த அஞ்சாவது ஆள்.”

அவள் கொஞ்சம் யோசித்தாள். “இதைக் காரணத்துல போட்டா நீங்க தப்பா எழுதினதும் சேர்ந்து வருமே சார். உங்க பேரோட. அப்புறம் மாத்த முடியாது.”

“சேர்ந்தே வரட்டும்.”

“உங்க நிஜப் பேர் சொல்லுங்க.”

எழுத்துக் கூட்டிச் சொன்னேன். அவள் தட்டினாள்.